மன்னார் வளைகுடாத் தீவுகளும் பாசிப் பெண்களும்

காட்டுயிரைக் காக்க முதலில் மனிதரை வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணம் பல தேசியப் பூங்காக்களின் பிறப்பிலேயே இருக்கிறது. இன்றைய தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து மாசாய் மக்கள் மாடுகளோடு 1959-இல் வெளியேற்றப்பட்டார்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் தேசியப் பூங்காவானபோது அதே எண்ணம் இந்தக் கரைக்கும் வந்தது. தலைமுறைகளாகத் தீவுகளில் தங்கி மீன்பிடித்தவர்களும், 1960-களிலிருந்து, கடற்பாசியிலிருந்து அகர் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கும் ஆலைகளுக்காக மரிக்கொழுந்துப் பாசி பறித்த பெண்களும் அத்துமீறுவோர் ஆனார்கள். பவளப்பாறையையும் கடற்பசுவையும் கடலாமையையும் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்தக் கடலைச் சீரழித்தது யார் என்று பார்த்தால், குற்றம் இவர்கள் தலையில் விழாது.

பூங்கா அமைவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பவளக்கல் வெட்டிப் படகுகளில் ஏற்றப்பட்டது. அலையைத் தாங்கிய பாறை போனதும் மணல் அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. விசைப்படகுகளின் இழுவலை கடலடியைச் சுரண்டியது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுத்தது. கழுத்தளவு நீரில் நின்று கையால் பாசி பறிப்பவர்களுக்கு இவற்றில் எதில் பங்கு?

பாசி பறிப்பதும் பாறையைச் சேதப்படுத்துமே என்பார்கள். உண்மைதான், இரும்புச் சுரண்டியும் காலடியும் பவளத்தை உடைக்கும். அதை உணர்ந்து கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்கள் இந்தப் பெண்களே. சுரண்டியை விலக்கினார்கள், பறிக்கும் நாட்களைக் குறைத்தார்கள், பாசி வளர விட்டு ஆண்டில் சில வாரங்கள் கடலில் இறங்காமல் இருந்தார்கள். இதில் முன்னின்ற சின்னப்பாலம் ஊர் லட்சுமிக்கு 2015-இல், தீவுச் சூழலைக் காப்போருக்கான சீகாலஜி விருது கிடைத்தது. தொழிலாளர் கட்டுப்பாட்டை நம்ப முடியாது, தடையே பாதுகாப்பு என்போர் கடல் அட்டையைப் பார்க்கட்டும்: 2001-இல் முற்றிலும் தடை வந்தது, கடத்தல் இன்றுவரை நிற்கவில்லை. தடை அந்த வணிகத்தை இருட்டுக்குள் தள்ளியது. நீரில் தினமும் இறங்கி மாற்றத்தை முதலில் காண்பவர்களை வனத்துறையிடம் பேசவே அஞ்சுபவர்களாக்கியது. காட்டை நம்பி வாழ்வோரின் உரிமையை ஏற்கும் 2006-இன் வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்துகிறது. தரைக்காட்டில் தேன் எடுப்பவருக்கு ஏற்கும் உரிமையைத் தீவோரம் பாசி எடுப்பவருக்கு மறுக்க நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.