ஆஸ்டினின் 22 வீடுகள்: சென்ட்ரல் ஏசியை உண்மையில் தேர்ந்தெடுத்தது யார்?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

ஏசி வாங்கக் கடைக்குப் போனா முதல் கேள்வியே "எத்தனை டன் சார்?"னுதான் வரும். ஒரு டன்னா, ஒன்றரையா, ரெண்டா? நாமளும் ரூம் சைஸைச் சொல்லி ஒரு நம்பரை வாங்கிட்டு வந்துடுவோம். அந்த டன் எதோட எடைன்னு யோசிச்சிருக்கீங்களா? நிச்சயமா ஏசியோட எடை இல்லை.

அது ஐஸோட எடை. ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்துல முழுசா உருகினா எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்குமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாள்ல வெளியே தள்ளுற மெஷின்தான் ஒரு டன் ஏசி. மணிக்கு 12,000 பி.டி.யூ. மெஷின் வர்றதுக்கு முன்னாடி உலகம் குளிர்ச்சியை ஐஸ் கட்டியாத்தான் வாங்கிட்டு இருந்தது. சென்னை மெரினா எதிர்ல இருக்கிற விவேகானந்தர் இல்லம் இருக்கே, அதுக்குப் பழைய பேர் ஐஸ் ஹவுஸ். 1840களில், அமெரிக்காவில உறைஞ்ச ஏரிகளில் வெட்டி எடுத்து, கப்பலில் மெட்ராஸ் வந்து சேர்ந்த ஐஸைச் சேமிச்சு வைக்கக் கட்டின கட்டடம் அது.

இன்னைக்கு நாம போகப்போறது அந்த ஐஸ் கிளம்பின நாட்டுக்கு. அங்கே பெரும்பாலான வீடுகளில் ரூமுக்கு ஒரு ஏசி கிடையாது. வெளியே ஒரு யூனிட், உள்ளே ஒரு பெரிய ஃபேன், வீடு முழுக்க சீலிங்குக்கு மேலேயோ தரைக்குக் கீழேயோ ஓடுற டக்ட், சுவத்துல ஒரே ஒரு தெர்மோஸ்டாட். இதுதான் சென்ட்ரல் ஏசி. ஒரு குடும்பம் இதை எப்படித் தேர்ந்தெடுத்ததுங்கிற கதைதான் இந்த எபிசோட். போகப்போக, தேர்ந்தெடுத்தது குடும்பம்தானாங்கிற கேள்வியும் வரும்.

மனுஷனுக்காக வந்த மெஷின் இல்லை

1902. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில ஒரு அச்சகம். கோடையில காத்துல ஈரம் ஏறினா காகிதம் விரியும், குறைஞ்சா சுருங்கும். கலர் பிரிண்டிங்கில ஒவ்வொரு கலரையும் தனித்தனியா அச்சடிக்கணும். காகிதம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் படம் கெட்டுப்போகும். இந்தச் சிக்கலைத் தீர்க்க வில்லிஸ் கேரியர்ங்கிற இளம் இன்ஜினீயர் போட்ட டிசைன்தான் நவீன ஏசியோட தொடக்கம்னு சொல்றாங்க. அங்கே வேலை செஞ்சவங்களுக்கு வியர்த்ததைப் பத்தி யாரும் கவலைப்படலை. காகிதத்துக்கு வியர்த்ததுதான் பிரச்சினை.

அடுத்து சினிமா தியேட்டர். 1925-ல நியூயார்க்கின் ரிவோலி தியேட்டர்ல கேரியர் கம்பெனி தன்னோட மெஷினைப் பொருத்தினது. கோடையில ஈயாடின தியேட்டருக்கு, குளிருக்காகவே கூட்டம் வர ஆரம்பிச்சது. சாதாரண அமெரிக்கர்கள்ல ரொம்பப் பேர் முதல்முதலா ஏசி காத்தை உணர்ந்தது இந்த மாதிரி இடங்களிலதான்.

வீட்டுக்கு? 1914-ல மினியாபொலிஸ் நகர்ல சார்லஸ் கேட்ஸ்ங்கிற கோடீஸ்வரரோட மாளிகையில ஒரு ஏசி போனது. சுமார் 20 அடி நீளம், ஆள் உயரத்தைத் தாண்டின மெஷின். அவர் அந்த வீட்டுல குடியேறுறதுக்கு முன்னாடியே இறந்துட்டார். ஒரு வீட்டு ஏசிக்கு அன்னைக்கு என்ன தேவைன்னு இதிலேயே தெரியுது: ஒரு மாளிகை, ஒரு கோடீஸ்வரர், ஒரு தனி அறை அளவுக்கு இடம்.

ஜன்னலில் வந்தது வேற கதை

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் நிலைமை மாறுது. ஜன்னல்ல மாட்டுற ஏசி சின்னதாகி, விலையும் இறங்கினது. 1947-ல அமெரிக்கா முழுக்க வித்தது ஏறக்குறைய 43,000. ஆறே வருஷத்துல, 1953-ல, பத்து லட்சத்தைத் தாண்டிடுச்சு.

ஆனா ஜன்னல் ஏசி குடும்பமே முடிவு பண்ணுற பொருள். பிடிச்சா வாங்கலாம், ஒரு ரூமுக்கு மட்டும் போடலாம், வீடு மாறினா கழட்டி எடுத்துட்டுப் போகலாம். சென்ட்ரல் ஏசி அப்படி இல்லை. டக்ட் எங்கே ஓடணும், சுவர் எப்படி இருக்கணும்ங்கிறது வீடு கட்டும்போதே முடிவாகணும். அதனால அந்த முடிவு குடும்பத்துக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர்கிட்ட போயிடுது: ஒருத்தர் பில்டர், இன்னொருத்தர் கடன் கொடுக்கிறவர்.

அமெரிக்காவில நடுத்தரக் குடும்பங்களோட வீட்டுக் கடன்ல ஒரு அரசு அமைப்புக்குப் பெரிய செல்வாக்கு இருந்தது. 1934-ல தொடங்கின ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமா எஃப்.எச்.ஏ. இது நேரடியா கடன் கொடுக்காது. வங்கி கொடுக்கிற கடனுக்கு இன்சூரன்ஸ் கொடுக்கும். அதனால எந்த மாதிரி வீடு கட்டலாம்ங்கிறதுல இவங்க வார்த்தைக்கு எடை அதிகம். இவங்களுக்கு ஏசி மேல ஒரு தயக்கம். இது ஆடம்பரம் இல்லையா? இந்தச் சம்பளத்துல இருக்கிற குடும்பம் மாசா மாசம் கரண்ட் பில்லையும் தாங்கி, தவணையையும் கட்டுமா? நியாயமான கேள்விதான். பதில் சொல்றதுக்கு யார்கிட்டேயும் கணக்கு இல்லை.

ஆஸ்டின், 1954

அந்தக் கணக்கை எடுக்கத்தான் வீடு கட்டுறவங்களோட தேசிய சங்கம் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகர்ல ஒரு வேலை செஞ்சது. 1954-ல அங்கே 22 வீடுகள். எல்லாமே நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய வீடுகள், எல்லாத்துலேயும் சென்ட்ரல் ஏசி. மெஷின்கள் வெவ்வேறு கம்பெனியோடது. இதுக்கு வெச்ச பேரே 'ஏர் கண்டிஷண்ட் வில்லேஜ்'. குடும்பங்கள் வீட்டை வாங்கிக் குடியேறினாங்க. தங்களோட வாழ்க்கையை டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனிக்கிறதுக்கும் சம்மதிச்சாங்க.

கரண்ட் எவ்வளவு ஆகுது, ஒவ்வொரு அறையிலேயும் வெப்பம் எப்படி இருக்குங்கிறதோட நிறுத்தாம, எப்படித் தூங்குறாங்க, என்ன சமைக்கிறாங்க, வீட்டு வேலை எப்படிப் போகுதுன்னும் கேட்டாங்க. நல்லாத் தூங்குறோம், ஜன்னல் மூடியே இருக்கிறதால தூசி குறைஞ்சிருக்குன்னு பதில் வந்தது. இதையெல்லாம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தொழில்துறை தயாரா காத்துட்டு இருந்ததுங்கிறதையும் மறந்துடக்கூடாது. செலவு பண்ணி இந்த ஆய்வை நடத்தினவங்க ஏசி வெச்ச வீட்டை விக்கப்போறவங்கதானே.

இங்கே ரொம்பப் பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. அந்த 22 வீடுகளில் மெஷின் மட்டும் வேற வேறயா இல்லை, வீடுகளும் வேற வேற மாதிரி கட்டப்பட்டிருந்தது. ஜன்னலுக்கு நிழல் கொடுத்தா என்ன ஆகும், கூரைக்கு அடியில வெப்பத்தடுப்பு போட்டா எவ்வளவு மிச்சம்னு அதையும் சேர்த்துத்தான் பார்த்தாங்க. அதாவது ஆஸ்டின் கேட்டது ரெண்டு கேள்வி. எந்த மெஷின் நல்லது? எந்த வீட்டுக்குச் சின்ன மெஷினே போதும்?

முதல் கேள்வி ஜெயிச்சது

1950களோட இரண்டாம் பாதியில எஃப்.எச்.ஏ.வோட தயக்கம் தளர்ந்து, சென்ட்ரல் ஏசியோட விலையையும் வீட்டுக் கடன்லேயே சேர்க்க வழி வந்தது. கையில இருந்து மொத்தமா எடுத்து வைக்க வேண்டிய பணம், பல வருஷத் தவணையில கரைஞ்சு போயிடுச்சு. அமெரிக்காவில ஏசி பரவினதுக்கு கம்ப்ரசர் எவ்வளவு காரணமோ, இந்த மாதிரி கடன் விதிகளும் அவ்வளவு காரணம்.

பில்டர்கள் இன்னொரு கணக்கும் போட்டாங்க. ஏசி இருக்கிற வீட்டுக்கு வலை போட்ட திண்ணை எதுக்கு? உயரமான சீலிங் எதுக்கு? பரண்ல இருந்து சூடான காத்தை இழுத்து வெளியே தள்ளுற பெரிய ஃபேன் எதுக்கு? எதிரெதிர் ஜன்னல் எதுக்கு? இதையெல்லாம் குறைச்சா அந்தக் காசுல ஏசி போட்டுடலாம். ரேமண்ட் ஆர்செனால்ட்ங்கிற வரலாற்று ஆய்வாளர் 1984-ல அமெரிக்காவோட தென்மாநிலங்களை வெச்சு ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து தெருவோட பேசுற பழக்கம் எப்படிக் கதவுக்குள்ள போச்சுங்கிறதுதான் அதுல ஒரு முக்கியமான பகுதி.

காத்தோட்டத்தை எடுத்துட்ட வீட்டுல ஏசி வசதியா இருக்கிறதில்லை, அவசியம் ஆகிடுது. அப்படிப்பட்ட வீட்டை வாங்குற அடுத்த குடும்பம் எந்தக் கம்பெனி மெஷின்னு தேர்ந்தெடுக்கலாம். ஏசி வேணுமா வேண்டாமாங்கிற கேள்வி அவங்க பொறக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போயிருக்கும்.

1960 சென்சஸ்ல நூத்துக்குப் பன்னிரண்டு வீடுகள்லதான் ஏதாவது ஒரு வகை ஏசி இருந்தது. 2020-ல எடுத்த அரசுக் கணக்கெடுப்புல அது 88 ஆகிடுச்சு. மூணுல ரெண்டு வீட்டுல சென்ட்ரல்.

பெருசா இருந்தா நல்லதா?

மறக்கப்பட்ட அந்த ரெண்டாவது கேள்விக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுல எந்தப் பக்கம் வெயில் படுது, கண்ணாடி எவ்வளவு, கூரையில என்ன இருக்குன்னு கணக்குப் போட்டு டன்னை முடிவு பண்ண முறையான வழி இருக்கு. ஆனா நிறைய கான்ட்ராக்டர்கள் சதுர அடியை மட்டும் பார்த்து, பத்தலைன்னு யாரும் திட்டக்கூடாதேன்னு கொஞ்சம் பெருசாவே போட்டுட்டுப் போனாங்க. பெரிய ஏசி ரூமைச் சீக்கிரம் குளிர வெச்சிட்டு நின்னுடும். காத்துல இருக்கிற ஈரத்தை எடுக்க அது கொஞ்ச நேரமாவது தொடர்ந்து ஓடணும். ஓடலைன்னா குளிரும், ஆனா பிசுபிசுன்னு இருக்கும். கடற்கரை ஊர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அடுத்து டக்ட். வெயில்ல கொதிக்கிற பரண் வழியா குளிர்ந்த காத்தை அனுப்புறாங்க. இணைப்புகள்ல கசிவு இருந்தா, ஒரு சாதாரண வீட்டுல 20 முதல் 30 சதவீதம் காத்து வழியிலேயே போயிடுதுன்னு அமெரிக்க அரசோட எரிசக்தி சிக்கனத் திட்டமே சொல்லுது.

மெஷினைச் சட்டம் போட்டுத் திருத்தினாங்க. 1992-ல சென்ட்ரல் ஏசிக்குக் குறைந்தபட்சத் திறன் அளவு 10-னு நாடு முழுக்க வந்தது. 2006-ல அதை 13 ஆக்கினாங்க. ஆனா புது வீடும் வளர்ந்துட்டே போச்சு. 1973-ல நடுத்தர அளவு சுமார் 1,500 சதுர அடி. 2015-ல கிட்டத்தட்ட 2,500.

கிடைக்காதவங்க

இந்தக் கதையில இன்னொரு பக்கமும் உண்டு. எந்த எஃப்.எச்.ஏ. கடன் விதி ஏசி வீட்டைப் பரப்பினதோ, அதே எஃப்.எச்.ஏ. பல பத்தாண்டுகள் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு இன்சூரன்ஸ் கொடுக்க மறுத்தது. புதுசா, டக்டோட கட்டின புறநகர் வீடுகள் பெரும்பாலும் வெள்ளையருக்குப் போச்சு. பழைய நகரத்துல இருந்தவங்களுக்கு ஜன்னல் ஏசி, இல்லைன்னா அதுவும் இல்லை.

1995 ஜூலையில சிகாகோவில வெப்ப அலை. வழக்கத்தைவிட 700-க்கும் மேற்பட்டவங்க கூடுதலா இறந்தாங்க. வயசானவங்க, தனியா இருந்தவங்க அதிகம். வேலை செய்யுற ஏசி வீட்டுல இருந்தவங்களுக்கு ஆபத்து ரொம்பக் குறைவா இருந்ததுன்னு அப்புறம் வந்த ஆய்வு சொன்னது. 2005-ல வந்த இன்னொரு ஆய்வு சிகாகோ உட்பட நாலு நகரங்களைப் பார்த்தது. கறுப்பினக் குடும்பங்கள்ல சென்ட்ரல் ஏசி வெள்ளையர்கள்ல இருந்த அளவுல பாதிகூட இல்லை. அதனால ஏசியைத் திட்டிட்டு இந்தக் கதையை முடிச்சுட முடியாது. அது உயிரைக் காப்பாத்துற பொருள். அது யார் வீட்டுக்குப் போகணும்ங்கிறதும் கடன் ஃபார்ம்லேயே முடிவாச்சு.

உங்கள்ல சில பேர் இப்போ ஃப்ளாட் பார்த்துட்டு இருக்கலாம். பால்கனி ஓரத்துல ஏசியோட அவுட்டோர் யூனிட்டுக்குன்னு ஒரு திட்டு, சுவத்துல பைப்புக்கு ஒரு ஓட்டை, பிளான்லேயே வந்திருக்கும். அதைப் பார்க்கும்போது ரெண்டு விஷயம் சேர்த்துக் கேளுங்க. மேற்கு வெயில் எந்தச் சுவத்துல விழுது? இந்த ரூம்ல ரெண்டு பக்கமும் திறக்கிற ஜன்னல் இருக்கா? டன் கணக்கைக் கடைக்காரர்கிட்ட எப்ப வேணும்னாலும் பேசலாம். இந்த ரெண்டுக்கும் பதில் வேணும்னா, சுவர் எழும்புறதுக்கு முன்னாடி பில்டர்கிட்டதான் கேட்கணும்.