இழைமணியும் முதுமையும்: நச்சுக் கோட்பாடு ஒரு மறுபார்வை

முதுமைக்கு டென்ஹாம் ஹார்மன் 1956-இல் தந்த விளக்கம் எளிமையானது. உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உருவாகும் கட்டற்ற மூலக்கூறுகள் புரதத்தையும் கொழுப்பையும் மரபணுவையும் அரிக்கின்றன. அந்த அரிப்பின் திரட்சியே முதுமை. அம்மூலக்கூறுகள் பெருமளவில் பிறக்கும் இழைமணியே (மைட்டோகாண்ட்ரியா) ஆயுளை அளக்கும் கடிகாரம் என்று 1972-இல் அவர் மேலும் சென்றார். கடிகாரம் என்ற பாதி நிலைக்கிறது. நஞ்சு என்ற பாதி நிலைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மனித இழைமணியின் டி.என்.ஏ 16,569 கார இணைகளும் 37 மரபணுக்களும் மட்டுமே கொண்டது. கட்டற்ற மூலக்கூறுகள் பிறக்கும் இடத்துக்கு அருகிலேயே அது இருக்கிறது. ஆகவே அரிப்பு பிழையையும், பிழை மேலும் அரிப்பையும் பெருக்கும் என்று கருதப்பட்டது. இதைச் சோதிக்க, இழைமணி டி.என்.ஏவைப் படியெடுக்கும் நொதியின் பிழைதிருத்தும் திறன் நீக்கப்பட்ட எலிகள் உருவாக்கப்பட்டன. 2004, 2005-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த முடிவுகளின்படி, அவை முடி உதிர்ந்து, முதுகு கூனி, எலும்பு மெலிந்து விரைவில் மாண்டன. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு ஆக்சிஜனேற்றச் சிதைவு அவற்றில் கூடவில்லை. பிழைகள் முதுமையை ஒத்த நிலையை உண்டாக்கலாம்; அதற்கு நஞ்சின் துணை தேவைப்படவில்லை.

உருளைப்புழுக்கள் இன்னும் நேரடியாகவே மறுக்கின்றன. இழைமணியைக் காக்கும் சோட்-2 என்ற மரபணுவை நீக்கியபோது புழுக்களில் சிதைவு கூடியது. ஆயுளோ குறையாமல் நீண்டது என 2009-இல் அறியப்பட்டது. குளுக்கோஸ் பயன்பாட்டைத் தடுத்தபோதும் கட்டற்ற மூலக்கூறுகள் பெருகி ஆயுள் நீண்டது; அவற்றை முறிக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் கொடுத்ததும் அந்தப் பலன் மறைந்தது. மனிதரிலும் இதன் சாயல் உண்டு. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தவர்களுள் ஆன்டி-ஆக்சிடன்ட்களான வைட்டமின் சி, ஈ உட்கொள்ளாதவர்களுக்கே இன்சுலின் உணர்திறன் மேம்பட்டது. சிறு அளவில் எழும் கட்டற்ற மூலக்கூறு, தற்காப்பைத் தட்டியெழுப்பும் செய்தி என்று கொண்டால்தான் இம்முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தும்.

எதிர்ச்சான்றும் உண்டு. ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தடுக்கும் கேட்டலேஸ் நொதியை இழைமணிக்குள் மிகுதியாக உருவாகச் செய்த எலிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாக வாழ்ந்தன. எனவே கட்டற்ற மூலக்கூறு தீங்கற்றது என்று கூற இயலாது. ஆனால் அதே நொதி உயிரணுவின் வேறு பகுதிகளில் மிகுந்தபோது அவ்வளவு பலன் கிட்டவில்லை. மொத்தச் சிதைவைவிட இடமும் அளவும் முக்கியம் என்பதற்கு இதுவும் சான்றாகிறது.

இவற்றோடு காலமும் சேர்கிறது. புழுவின் இழைமணிச் செயல்பாட்டை இளம் பருவத்தில் மட்டுப்படுத்தினால் ஆயுள் நீள்கிறது. வளர்ந்தபின் அதையே செய்தால் நீள்வதில்லை என 2002-இல் காட்டப்பட்டது. துருப்பிடித்தலே முதுமை என்றால் துருவை எப்போது குறைத்தாலும் ஓரளவாவது பயன் இருக்க வேண்டும். அப்படியில்லை. புழுவைப் பொறுத்தவரை, இழைமணி சொல்லும் செய்தியைக் கேட்கும் செவி இளமையிலேயே திறந்து மூடிவிடுகிறது. பாலூட்டிகளில் அந்தச் செவி எந்தத் திசுவில், எந்த வயதுவரை திறந்திருக்கிறது என்பதே இனி ஆராய வேண்டிய வினா. அதற்கு விடை காணாமல் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரையைப் பரிந்துரைப்பது, செய்தி என்னவென்று கேளாமலே தூதனைத் தடுப்பதாகும்.