ஊர்க் கோயிலும் அதன் காடும்

ஷிந்தோ சமயத்தைத் தோற்றுவித்தவர் என்று ஒருவர் இல்லை. ஊரைக் காக்கும் தெய்வமான 'காமி'யும், அது உறையும் 'ஜின்ஜா'வுமே அதன் அடிப்படை. ஜப்பானில் பேட்டைக்கு ஒன்றாக இத்தகைய சிறு கோயில்களைக் காணலாம்.

'தோரி' என்னும் தோரண வாயிலில் தலை வணங்கி உள்ளே செல்ல வேண்டும். பாதையின் நடுப்பகுதி காமிக்கு உரியது. நாம் ஓரமாக நடக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் அகப்பையால் மொண்டு முதலில் இடக்கையையும் பின்பு வலக்கையையும் கழுவி, இடக்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளிப்பர். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. சன்னதியில் காசு போட்டு, இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை வணங்குவர். இஸுமோ பெருங்கோயிலில் நான்கு முறை கைதட்டுவது மரபு. ஐந்து யென் நாணயம் போடுவதைப் பலர் விரும்புவர். அதைக் குறிக்கும் 'கோ-என்' என்ற சொல்லின் ஒலிக்கு 'நல்ல உறவு' என்றும் பொருள் உண்டு.

கோயிலைச் சுற்றியுள்ள மரங்களும் வழிபாட்டுக்கு உரியவையே. முதிய மரத்தில் வைக்கோல் புரி கட்டியிருந்தால் அது புனிதமானது என்று அறியலாம். நாராவிலுள்ள ஓமிவா கோயிலில் மூலஸ்தானக் கட்டடமே கிடையாது. பின்னாலுள்ள மிவா மலையைத்தான் வணங்குகிறார்கள்.

இந்தக் கோயில்காடுகளுக்கு 1906இல் ஆபத்து வந்தது. ஓர் ஊருக்கு ஒரு கோயில் போதும், மற்றவற்றை அதனுடன் இணைத்துவிடலாம் என்று அரசு முனைந்தது. சில ஆண்டுகளுக்குள் சுமார் 70,000 கோயில்கள் மறைந்தன. பல இடங்களில் மரங்கள் வெட்டி விற்கப்பட்டன. பூஞ்சைகளையும் பாசிகளையும் ஆராய்ந்த அறிஞர் மினகாதா குமகுஸு (1867-1941) இதைக் கடுமையாக எதிர்த்தார். காடு போனால் பறவைகள் போகும், பயிரில் பூச்சி பெருகும், ஊராரிடையே ஒட்டுறவும் போகும் என்பது அவர் வாதம். 1910இல் கூட்டமொன்றில் புகுந்து ரகளை செய்ததாகச் சிறையிலும் இருந்தார். 1920இல் ஜப்பானிய மேலவை இந்த இணைப்புக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குள் இழப்பு நேர்ந்துவிட்டிருந்தது.

குமானோ யாத்திரைப் பாதையில், த்ஸுகிஸாகுரா என்ற சிறு கோயிலருகே, அவர் முயற்சியால் தப்பிய பெரும் தேவதாரு மரங்கள் சில இன்றும் நிற்கின்றன. ஜின்ஜாவுக்குச் செல்பவர்கள் சன்னதியில் கைதட்டியதும் திரும்பிவிடாமல், அங்குள்ள மரங்களையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து வருவது நல்லது. காமி குடியிருப்பது அங்கேயும்தான்.