சிறுநீரகக் கோளாற்றை முன்னறியும் தொடர் உயிருணரிக் கண்காணிப்பு

உடலிற் பொருத்திய நுண்கருவியொன்று, தோலடித் திசுநீரிலோ வியர்வையிலோ கலந்துள்ள கழிவுப்பொருள்களை இடைவிடாது அளந்து, சிறுநீரகங்களின் தளர்ச்சியை நோயாளி உணருமுன்பே வைத்தியருக்கு அறிவிக்கும் முறை இது. வடிகட்டும் சக்தியில் ஏறத்தாழப் பாதி அழிந்த பின்னரே இரத்தத்தில் கிரியேட்டினின் எனும் கழிவு தெளிவாக உயர்வதால், ஒரு தடவை எடுத்த அளவைவிட அதன் போக்கே சிறந்த சாட்சியாகும்.

சரித்திரம். சிறுநீரைக் கண்டு நோயுணரும் வழக்கம் புராதனமானது. தேரையர் பெயரால் வழங்கும் சித்த வைத்திய மரபு, நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் என நீர்க்குறியை ஐந்தாக வகுத்ததோடு நில்லாது, விடியற்காலையிற் பிடித்த நீரில் நல்லெண்ணெய்த் துளியொன்றை அசையாது விட்டு, அது பாம்பாய் நீண்டால் வாதம், வளையமாய் விரிந்தால் பித்தம், முத்தாய்த் திரண்டால் கபம் என்று நெய்க்குறியும் கண்டது. நுரையை நோயின் குறியாக மதித்த அம்மரபு பிற்காலப் புரதப் பரிசோதனைக்கு முன்னோடியென மதிக்கத்தக்கது. ஐரோப்பாவில், டெக்கர்ஸ் என்பார் 1694இல் அமிலமிட்டுக் காய்ச்சிய சிறுநீரில் வெண்படிவைக் கண்டார். லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், கரண்டியில் ஏந்திய சிறுநீரை மெழுகுவத்திச் சுடரிற் காட்டி அது உறைவதைக் கண்டு, உடல்வீக்கத்தையும் புரத ஒழுக்கையும் பழுதுற்ற சிறுநீரகத்தையும் ஒரே நோயின் அங்கங்களாகப் பிணைத்து 1827இல் எழுதினார். 1957இல் வந்த சோதனைத்தாட் கீற்றோ, புரதம் பட்டால் மஞ்சள் மாறிப் பச்சையாகி, சுடரின் தேவையையே ஒழித்தது.

இயங்கும் விதம். உயிருணரியின் பிதா, 1962இல் நொதிமின்வாயை வெளியிட்ட லேலண்ட் கிளார்க் ஆவார். கிரியேட்டினின் உணரியில் மூன்று நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வினைபுரிகின்றன: முதலாவது கிரியேட்டினினைக் கிரியேட்டினாகவும், இரண்டாவது அதனைச் சார்கோசினாகவும் யூரியாவாகவும் ஆக்க, மூன்றாவது சார்கோசினை ஆக்சிகரணம் செய்து ஹைட்ரஜன் பெராக்சைடை விளைவிக்கிறது, அதனால் எழும் மின்னோட்டமே அளவாகிறது. உடலில் இயல்பாகவே உள்ள கிரியேட்டினும் வைட்டமின் சியும் இக்கணக்கைக் குழப்பவல்லன.

சிங்கப்பூரில். 1961இல் பொது மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்பைத் தொடங்கிய டாக்டர் கூ ஊன் டெக், 1969இல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தை நிறுவினார். இங்குச் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதற்காரணம் நீரிழிவே. இந்தியரும் மலாய்க்காரரும் அந்நோய்க்கு மிகுதியாக இலக்காகின்றனர். மார்சிலிங் அடுக்குமாடி வீட்டில் நீரிழிவோடு வாழும் ஒருவர், கையிற் சர்க்கரை உணரியை ஒட்டிக்கொண்டு, அளவைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். சிறுநீரகத்துக்கோ, அருகிலுள்ள உட்லண்ட்ஸ் பலதுறை மருந்தகத்துக்குச் சென்று சிறு குப்பியிற் சிறுநீரும், ஊசிமுனையில் இரத்தமும் கொடுத்தே தீரவேண்டும். சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமின் புரதம் எனும் எல்லை கடந்து, அந்நிலை மூன்று மாதம் நீடித்தால், அது நாட்பட்ட சிறுநீரக நோயாகும். 2017 முதல் பலதுறை மருந்தகங்களில் இதற்கெனத் தேசியத் திட்டமொன்றும் நடந்துவருகிறது.

தற்கால நிலை. சிறுநீரகத்துக்கான தொடர் உணரிகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.