பத்து ஆராங்: எஞ்சிய குழிகளின் வரலாறு

சிலாங்கூர் மாநிலத்துப் பத்து ஆராங்கின் பெயருக்கு மலாய் மொழியில் நிலக்கரி என்பதே பொருள். மலாயன் கோலியரீஸ் நிறுவனம் 1915இல் இங்கு நிலக்கரி அகழத் தொடங்கியது. மேல்மண் அகற்றித் தோண்டிய திறந்தவெளிச் சுரங்கங்களும் நிலத்தடிச் சுரங்கங்களும் ஒருங்கே இயங்கின. புகைவண்டிகளும் ஈயச் சுரங்கங்களும் இக்கரியை நம்பியிருந்தன. சீனரோடு இந்தியரும் இங்கு உழைத்தனர். 1937 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் சுரங்கத்தையே தம்வசப்படுத்தினர். காவற்படை அதனை மீட்டது. எண்ணெயின் போட்டியால் 1960இல் சுரங்கம் மூடப்பட்டது.

வருவாய் அகன்றது, குழிகள் எஞ்சின. நிரப்பப்படாத பெருங்குழிகள் நீர்தேங்கி ஏரிகளாயின. அடியில் கிடக்கும் சுரங்கவழிகளோ மேலே கட்டடம் எழுப்புவோர்க்கு அச்சமாயின. அகழும்போதே மேல்மண்ணைக் காத்து, குழியை நிரப்பி, மரம் நடுதலே நிலமீட்பு. அது பிற்காலத்துக்கு ஒத்திவைக்கத்தக்கதன்று என்பதே இவ்வூர் தரும் படிப்பினை. ஏரியின் அழகைக் காண்போர் அதனைத் தோண்டிய கைகளையும் நினைத்தல் வேண்டும்.