களங்கமும் எச்.ஐ.வி. தடுப்பும்: வெங்கடேசன் சக்கரபாணியின் ஆய்வுகள்

எச்.ஐ.வி. தொற்றைத் தடுப்பதில் மருந்தும் ஆணுறையும் செய்ய முடிந்ததைச் சமூகத்தின் இழிபார்வை எப்படித் தடுக்கிறது என்பதைத் தமிழ்நாட்டுக் களத்திலிருந்து விளக்கிய ஆய்வுகளில் முதன்மையானவை வெங்கடேசன் சக்கரபாணியுடையவை. மருத்துவம் படித்துச் சமூக அறிவியலுக்கு வந்தவர் இவர். சென்னையிலுள்ள 'பாலியல், நல்வாழ்வு ஆய்வு மற்றும் கொள்கை மையம்' (சி-ஷார்ப்) வழியாக இயங்குபவர். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், பாலியல் தொழிலில் உள்ள பெண்கள் ஆகியோரிடையே இவர் பணியாற்றினார். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் நியூமன், சென்னையின் முரளி சண்முகம் ஆகியோர் பல கட்டுரைகளில் இவருடன் இணைந்து எழுதியவர்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி.யின் கதை தொடங்கியதும் சென்னையில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது சிலவற்றில் தொற்று தெரிந்தது. அந்தப் பெண்களில் பலர் அப்போது அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். நோய் வெளிப்பட்ட முதல் நாளிலேயே அது 'அந்த மாதிரி ஆட்களின் நோய்' என்ற முத்திரை விழுந்துவிட்டது. பிறகு வந்த அரசு நடவடிக்கைகளில் தமிழ்நாடு முன்னணியில் நின்றது உண்மை. 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை அமைத்தது. அதே வடிவத்தைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. 'புள்ளி ராஜா' என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் பட்டிதொட்டியெங்கும் பேசப்பட்டது. ஆனால் இந்தப் பிரசாரங்கள் பெரும்பாலும் ஒரே கணக்கில் போட்டவை: தகவல் தெரிந்தால் மனிதன் நடத்தையை மாற்றிக்கொள்வான். சக்கரபாணியின் ஆய்வுகள் கேள்வி எழுப்பியது இந்தக் கணக்கைத்தான்.

2007இல் வெளியான ஆய்வு சென்னையின் கோத்திகளைப் பற்றியது. தம்மைப் பெண்தன்மை உடையவர்களாகக் கருதி ஆண்களோடு உறவு கொள்பவர்கள் தங்களைக் கோத்தி என்கிறார்கள். ஆண்தன்மை மிக்க இணையைப் பந்தி என்றும், இரு பக்கமும் இருப்பவரை டபுள் டெக்கர் என்றும் சொல்வதுண்டு. மருத்துவப் படிவத்தில் இவர்கள் எல்லாரும் ஒரே கட்டத்துக்குள் அடைபடுவார்கள். களத்தில் அப்படி இல்லை. அடி வாங்குவதும், ஏளனத்துக்கு ஆளாவதும், ஆணுறை வேண்டும் என்று வற்புறுத்த முடியாத நிலையில் இருப்பதும் பெரும்பாலும் கோத்திதான்.

காவல்துறை, ரவுடிகள், குடும்பம், அக்கம்பக்கம், மருத்துவமனை என்று எல்லாத் திசையிலிருந்தும் வரும் துன்புறுத்தலை அந்த ஆய்வு நேர்காணல்கள் வழியே பதிவு செய்தது. இதை 'கட்டமைப்பு வன்முறை' என்ற சொல்லால் அது விளக்கியது. யோஹான் கால்டுங் முன்வைத்து, ஹெய்ட்டியில் பணியாற்றிய மருத்துவர் பால் ஃபார்மர் பரவலாக்கிய கருத்து அது: தனி ஒருவர் கையை ஓங்காவிட்டாலும், சட்டமும் நிறுவனமும் வறுமையும் சேர்ந்து ஒருவரை நோய்க்குத் தள்ளிவிட முடியும். சட்டைப் பையில் ஆணுறை இருப்பதே போலீசாரின் கண்ணில் குற்றத்துக்குச் சான்று ஆகுமென்றால் யார் எடுத்துச் செல்வார்கள்? இருட்டில், அவசரத்தில், பயத்தோடு நடக்கும் உறவில் பேச்சுவார்த்தைக்கு இடம் ஏது? 2001இல் லக்னோவில் ஆணுறையும் துண்டுப் பிரசுரமும் விநியோகித்த களப்பணியாளர்களே கைதானார்கள் என்பதை நினைவில் வைத்துப் படித்தால், இந்த அச்சம் கற்பனை அல்ல என்பது புரியும்.

அடுத்தடுத்த ஆய்வுகள் சிகிச்சையின் பக்கம் திரும்பின. 2004 ஏப்ரலில் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சையை மைய அரசு இலவசமாக்கியது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. மருந்து இலவசம். அப்படியிருந்தும் ஏன் பலர் வரவில்லை? பாலியல் தொழிலில் உள்ள பெண்களைப் பற்றிய 2009 ஆய்வும், கோத்திகள், திருநங்கைகளைப் பற்றிய 2011 ஆய்வும் இதற்கு விடை தேடின. ஏ.ஆர்.டி. மையத்தில் நிற்பதைத் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம், அரசு மருத்துவமனை ஊழியரின் நடத்தை, குடும்ப ஆதரவு இன்மை, மருந்து பற்றிய தவறான எண்ணங்கள் எல்லாம் வெளிவந்தன. கசப்பான இன்னொரு செய்தியும் இருந்தது. தொற்று உள்ளவரை அவருடைய சொந்தச் சமூகமே ஒதுக்கியது. வெளியுலகம் தள்ளிவைத்தவர்களுக்கு இருந்த ஒரே புகலிடமும் அப்படி மூடிக்கொண்டது. களங்கத்தை 'வெளியார் செய்யும் தீங்கு' என்று மட்டும் எழுதிப்போகும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த வசதியான முடிவில் நிற்காததே இந்த ஆய்வுகளின் நேர்மை.

நெய்வேலி வாசகருக்கு மிக நெருக்கமானது 2012இல் வந்த ஒப்பீட்டு ஆய்வு. கார்மென் லோகி, நியூமன், சக்கரபாணி, சண்முகம் ஆகியோர் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் சென்னையில் 100 பேரையும் கும்பகோணத்தில் 100 பேரையும் ஆய்வு செய்தனர். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் நெய்வேலியைத் தாண்டித் தெற்கே போனால் வரும் அதே கும்பகோணம்தான். ஆணுக்கு 'உரிய' நடையுடை இல்லாததால் வரும் களங்கம், எச்.ஐ.வி. சார்ந்த களங்கம், மனச்சோர்வு ஆகியவற்றைத் தனித்தனியே அளந்தனர். முதல் வகைக் களங்கத்தைச் சென்னையினரே கூடுதலாகச் சந்தித்திருந்தனர். ஆனால் சமூக ஆதரவும் தாங்கும் திறனும் அவர்களிடமே மிகுதி. எச்.ஐ.வி. சார்ந்த களங்கமும் மனச்சோர்வும் கும்பகோணத்தில் கூடுதல்.

மாநகரில் கேலியும் அடியும் அதிகம்; ஆனால் 1998இல் சுனில் மேனன் தொடங்கிய சகோதரன் போன்ற அமைப்புகளும், கூடிப் பேச இடமும் அங்கே உண்டு. சிறுநகரத்தில் மறைத்துக்கொண்டு வாழ்ந்தால் அடி குறையலாம், மனம் தேறாது. எண்களுக்குப் பின்னால் இருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். நெய்வேலி நகரியத்துக்கு இம்முடிவை அப்படியே பொருத்த முடியாதுதான். எனினும், யார் எந்த வட்டம், எந்தச் சுரங்கம், யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம் என்று ஒருவருக்கொருவர் தெரிந்த நிறுவன ஊரில், மருத்துவமனை வரிசையில் நிற்கும் அச்சம் சென்னையை விடக் கும்பகோணத்துக்கே பக்கம். கூத்தாண்டவர் கோயில் உள்ள கூவாகமும் அதிகத் தொலைவில் இல்லை. சித்திரைப் பௌர்ணமிக்குத் திருநங்கையர் திரளும்போது கேமராக்களும் விழிப்புணர்வு முகாம்களும் வந்து சேரும். மற்ற நாட்களில் இப்பகுதி ஆய்வாளர் கண்ணில் படுவது குறைவு.

சக்கரபாணியின் பிற்காலக் கட்டுரைகள் 'சின்டெமிக்' என்ற கோட்பாட்டை எடுத்துக்கொண்டன. அமெரிக்க மானுடவியலாளர் மெரில் சிங்கர் உருவாக்கிய இக்கோட்பாட்டின்படி, நோய்களும் சமூகத் துன்பங்களும் தனித்தனியாக வருவதில்லை, ஒன்றையொன்று வளர்க்கும். குடி, மனச்சோர்வு, வன்முறைக்கு ஆளாதல் ஆகிய மூன்றும் சேரும்போது பாதுகாப்பற்ற உறவுக்கான வாய்ப்பு எப்படிக் கூடுகிறது என்று 2017இல் வெளியான ஆய்வுகள் பார்த்தன. குடிக்கு மதுவிலக்குத் துறை, மனச்சோர்வுக்கு மனநலத் துறை, எச்.ஐ.வி.க்கு எய்ட்ஸ் சங்கம் என்று பிரித்து வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு இது சங்கடமான முடிவு. 2010இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்காகத் திருநங்கையரின் உரிமைகள், சமூக விலக்கம் பற்றி இவர் எழுதிய அறிக்கை கொள்கை வட்டாரத்தில் பரவலாக எடுத்தாளப்படுகிறது.

இந்த ஆய்வுகளுக்கு எல்லைகளும் உண்டு. கணக்கெடுப்புகளில் பல ஒரே ஒரு முறை மட்டும் எடுக்கப்பட்டவை என்பதால், களங்கம் மனச்சோர்வோடு சேர்ந்து வருகிறது என்று காட்டுமே தவிர, எது முந்தியது என்று உறுதி சொல்லாது. ஊருக்குத் தெரியாமல் மணம் முடித்து வாழும் ஆண்களை இத்தகைய ஆய்வுகள் எட்டுவது கடினம். அவர்களின் மனைவிமார் இன்னும் தொலைவில் இருக்கிறார்கள்.

ஆய்வுகள் சுட்டிய தடைகளில் சில சட்ட அளவில் விலகியுள்ளன. 2006இலேயே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, ஒருபாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு தடுப்புப் பணிக்கு இடையூறு என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் கூறியது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயதுவந்தோர் மனமொத்த உறவைக் குற்றமல்ல என்றது. அதே மாதம் 10ஆம் நாள் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது. ஆணுறை வழங்குவது போன்ற தடுப்புப் பணிகள் குற்றமாகா என்று அது தெளிவாகவே சொல்கிறது. சென்னைக் கோத்திகள் 2007 ஆய்வில் சொன்னதற்கு நேரடிப் பதில் போலவே அந்தப் பிரிவு இருக்கிறது.

பணியிடத்துக்கும் அச்சட்டம் பொருந்தும். இதற்கு முன்னோடி 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு: பொதுத்துறை நிறுவனம் ஒன்று எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டித் தற்காலிகத் தொழிலாளி ஒருவருக்கு வேலை மறுத்தது செல்லாது என்று அது தீர்த்தது. இப்போதைய சட்டப்படி வேலைக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை கேட்கக் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்திலும், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனத்திலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைப்பது சட்டக் கடமை. தேசிய உதவி எண் 1097, கட்டணம் இல்லை.