துளை கோணினால் நாதம் இல்லை

போன கிழமை செவன் ஹில்ஸில் ஒரு பழைய மரக் கடைச்சல் மெஷினில் துளை போட்டேன். வாய் பெருத்துப் போச்சு. இரண்டு பக்கக் கூர்முனைகளையும் கிட்டக் கொண்டு வந்து பார்த்தால், சந்திக்கவில்லை. நிலம் சமமில்லாததால் மெஷினின் படுக்கை முறுகியிருந்தது. ஒரு காலுக்குக் கீழே தகடு வைத்தேன், சரி வந்தது.

அப்போதுதான் நரசிங்கம்பேட்டை நினைவு வந்தது. கும்பகோணத்துக்குக் கிட்ட உள்ள ஊர். நாதசுரத்துக்குப் பழைய வீடுகளில் கழற்றிய ஆச்சா மரம்தான் எடுப்பார்கள். பச்சை மரம் காயக் காய வளையும், துளையும் கோணும். மேலே ஒடுங்கிக் கீழே விரியும் அந்தத் துளை நடு விலகினால் சுருதி நிற்காது.

டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) உச்சச் சுருதியில் ஒலிக்கும் குட்டைத் திமிரியை விட்டு நீளமான பாரிக்கு மாறினார். அதைச் செய்து கொடுத்தவர் அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி. 2022இல் அந்த நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஊரில் அளவெட்டி பத்மநாதனின் வாசிப்பை விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வித்துவான்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். குழலைக் கடைந்தவர் யாரென்று ஒருநாளும் கேட்கவில்லை. நானும்தான். இன்று ஒரு துளை கோணிய பிறகுதான் கேட்கத் தோன்றுகிறது.